கழுவாத முட்டைகள்

மே 3, வெள்ளி

மதுரை. ஆஸ்பத்திரிக்குப் பின் தெருவில் ஓர் அறை, ஒட்டினாற்போல் ஒரு சமையல் மேடை. தங்கை மாப்பிள்ளை பாண்டித்துரை போடியிலிருந்து அடுப்பு, அரிசி, மிக்ஸி எல்லாவற்றையும் கொண்டுவந்து இறக்கினார். நாளைக்கு ஏலக்காய் ஏலம் இருக்கிறது, கமிஷன் கடையில் ஆளில்லை என்று உடனே திரும்பிவிட்டார். இனி ஒரு மாதம் நானும் தங்கை வசுமதியும்தான். எனக்குப் பள்ளி விடுமுறை. அம்மாவுக்கு முழங்கால் வலி.

என்னைத் துணைக்கு அனுப்புவதில் அம்மாவுக்கு மனமில்லை. பிள்ளை வேண்டாமென்று புருஷனையே விட்டுவிட்டு வந்தவள், பிள்ளைக்காகப் போகிறவளுக்குத் துணையா என்று சித்தியிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தாள். என் காதில் விழ வேண்டும் என்றுதான் சொன்னாள். விழுந்தது. நான் பாட்டுக்குப் பெட்டி கட்டினேன்.

மிக்ஸியின் சின்ன ஜாருக்கு மூடியைக் காணோம்.

மே 4, சனி

டாக்டர் சுகந்தி நிறையக் கேட்டார். வசு எல்லாவற்றுக்கும் தலை நிமிர்ந்து பதில் சொன்னாள். போன வருஷம் வேறோர் ஊரில் செய்துகொண்ட சிகிச்சையின் தாள்களையும் கொடுத்தாள். அங்கே ஒன்பது முட்டை எடுத்தார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. ‘தரமற்றவை’ என்று எழுதியிருந்தார்கள்.

இந்தத் தடவையும் அப்படியே ஆனால் வேறொரு பெண்ணின் முட்டையை வைத்துத்தான் முயல வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அதில் தவறொன்றும் இல்லை, எத்தனையோ பேர் நல்லபடியாகப் பெற்றிருக்கிறார்கள் என்றும் சொன்னார். வெளியே வந்ததும் வசு என்னிடம் சொன்னாள்.

“எனக்கு அது வேணாம்க்கா. அத்தோட விட்டுருவேன். இதுதான் கடைசி.”

அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். எங்கள் வீட்டில் இரண்டு பேர் அப்படி.

உள்ளே நடந்ததில் இன்னொன்றும் எழுத வேண்டும். அப்பா அம்மா சொந்தமா என்று டாக்டர் கேட்டார். வசு பெருமையாகவே சொன்னாள்: அம்மாவின் சொந்தத் தாய்மாமன்தான் அப்பா, நான்கு தலைமுறையாக வெளியில் பெண் கொடுத்ததும் இல்லை, எடுத்ததும் இல்லை என்று. அம்மா வாயால் கேட்டுக் கேட்டு வந்த வரி அது. அம்மா இன்றைக்கும் அப்பாவை மாமா என்றுதான் கூப்பிடுவாள். என் கல்யாணம்தான் முதல் வெளிச் சம்பந்தம். அது நிலைக்காததற்கு அம்மா அதையேதான் காரணமாகச் சொல்வாள்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இதே பிரச்சினை உண்டா என்று அடுத்த கேள்வி. அண்ணனுக்கு இரண்டு பிள்ளைகள், அக்கா வேண்டாமென்று இருந்துவிட்டாள் என்றாள் வசு. டாக்டர் என்னை ஒரு தடவை பார்த்தார். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேள்வி என்னிடம் கேட்கப்படவில்லை.

மாலையில் முதல் ஊசி. வயிற்றுச் சதையைப் பிடித்து, காற்றுக் குமிழைத் தட்டி வெளியேற்றி, நானே போட்டேன். பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ், எங்கே பழகினீர்கள் டீச்சர் என்று ஆச்சரியப்பட்டாள். வேதியியல் ஆசிரியைக்குக் கை நிதானம் வராமலிருக்குமா என்றேன். நம்பிவிட்டாள்.

மே 6, திங்கள்

இன்று வசு தானே போட்டுக்கொண்டாள். கண்ணைக்கூட மூடவில்லை. சின்ன வயதில் தடுப்பூசிக்காரர் தெருவில் வந்தால் நெல் குதிருக்குப் பின்னால் ஒளிந்தவள். எனக்குப் பெருமையாக இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் ஏறி உட்கார்ந்துகொள்வாள்.

மே 7, செவ்வாய்

மிக்ஸிக்கு மூடி வாங்கினேன். வேறு கம்பெனி. ஆனாலும் பொருந்துகிறது.

மே 9, வியாழன்

ஸ்கேன். கொஞ்சம் கொஞ்சமாக வளர்கின்றன. மத்தியானம் கத்திரிக்காய்க் குழம்பு, அப்பளம். சாப்பிட்டுவிட்டுத் தரையில் படுத்திருந்தபோது வசு கேட்டாள்.

“நெசமாவே நீ ஏங்க்கா அத்தான விட்ட?”

“சரிப்பட்டு வரல.”

“திமிருதான உனக்கு.”

“ஆமா.”

அவள் சிரித்துக்கொண்டே தூங்கிப்போனாள். ஊரே என்னைப் பற்றிச் சொல்லும் வார்த்தை அது. பள்ளியில் சொல்வார்கள், அம்மா சொல்வாள், அண்ணி ஜாடையாகச் சொல்வாள். பதினான்கு வருஷமாக அந்தப் பெயர் என் மேல் அழகாக உட்கார்ந்திருக்கிறது. யாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டதில்லை. வளைகாப்புகளில் என்னைக் கண்டு யாரும் குரலைத் தாழ்த்திக்கொண்டதில்லை. சீமந்தத்துக்குப் பந்தி பரிமாறியிருக்கிறேன், தொட்டிலுக்குப் பூச் சுற்றியிருக்கிறேன். வேண்டாம் என்று விட்டவளிடம் யாருக்கும் பயமில்லை.

வசு தூக்கத்தில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொள்கிறாள். ஊசி போட்ட இடம் வலிக்காது, உள்ளே கனக்கும்.

மே 13, திங்கள்

இன்று லேப்பிலிருந்து மெர்லின் என்ற அம்மா வெளியே வந்து எங்களிடம் பேசினார். முட்டைகளைக் கையாள்கிறவர் அவர்தான். நாகர்கோவில்காரர், என் வயதுதான் இருக்கும். வசுவின் பழைய தாள்களைக் கையில் வைத்திருந்தார். வசு ஸ்கேனுக்கு உள்ளே போனதும், ஒன்பதும் எந்தக் கட்டத்தில் போயின என்று அவர்கள் சொன்னார்களா என்று என்னிடம் கேட்டார். கழுவும்போது உடைந்ததாகச் சொன்னார்கள் என்றேன்.

எனக்குப் புரியும்படி விளக்கினார். முட்டை உடம்பிலிருந்து வரும்போது தனியாக வராதாம். சுற்றிலும் பஞ்சுப் பொதி மாதிரி செல்கள் ஒட்டியிருக்கும். லேப்பில் அதை மருந்தில் நனைத்து, மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாயில் இழுத்து விட்டு இழுத்து விட்டுக் கழுவுவார்கள். எல்லா லேப்பிலும் அதுதான் பழக்கம். கழுவினால்தான் முட்டை முற்றியதா என்று தெரியும், விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்தவும் வாகாக இருக்கும். முட்டைக்கு மேல் ஒரு கெட்டியான உறை உண்டு என்பதால் அந்த இழுப்பையெல்லாம் தாங்கிக்கொள்ளும்.

“ஒண்ணு ரெண்டு உடையும் டீச்சர். ஒன்பதும் உடைஞ்சா, ஒண்ணு கழுவுன கை சரியில்ல, இல்லேன்னா முட்டையிலயே உறை இல்ல. ரெண்டாவது ரொம்ப அபூர்வம். கூடப்பிறந்த இன்னொருத்திக்கும் இப்படி ஆயிருந்தா நான் தைரியமா அப்படி நினைப்பேன். இவங்க ஒருத்திய மட்டும் வச்சு முடிவு பண்ண முடியாது.”

அப்படியென்றால் எதற்கும் இந்தத் தடவை கழுவாமல் விடலாமே என்று கேட்டேன். காரணமில்லாமல் விட முடியாது என்றார். நல்ல முட்டையைக் கழுவாமல் குத்தினால் குருட்டாம்போக்கில் குத்துவது மாதிரி. தேற வேண்டியதும் கெட்டுவிடும்.

சரி என்று தலையாட்டினேன்.

இரவு தேங்காய்ச் சட்னிக்கு உப்புப் போட மறந்துவிட்டேன். வசு சொல்லித்தான் தெரிந்தது.

மே 14, செவ்வாய்

இன்று புரதங்களைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

காலையில் மெர்லினை டீக்கடையில் பிடித்து, அந்த உறை எதனால் ஆனது என்று கேட்டேன். நான்கு புரதங்கள். முட்டை தானே தனக்குப் பின்னிக்கொள்கிற சட்டை அது. அவை சேர்ந்து நீளமான இழைகளாக ஓடும். அவற்றில் ஒன்றுக்கு மட்டும் இன்னொரு வேலை: இழைக்கும் இழைக்கும் குறுக்கே நின்று பிணைப்பது. அந்த ஒன்று பழுதானால் மற்ற மூன்றும் நன்றாக இருந்தும் சட்டை உருவாவதில்லை. பாலில் பிழையில்லை, மரத்தில் பிழையில்லை, கந்தகம் சேர்க்காத ரப்பர் மட்டும் வெயிலில் இளகிப் பிசுபிசுக்கும் என்று பதினோராம் வகுப்புக்கு வருஷா வருஷம் சொல்கிறேன். அதேதான்.

அந்த உறை இன்னொன்றும் செய்கிறது. வருகிறவர்களையெல்லாம் வாசலிலேயே நிறுத்தி, இன்னார் என்று பார்த்து, ஒருவரை உள்ளே விட்டதும் இறுகிக்கொள்கிறது. அதற்குமேல் யாருக்கும் இடமில்லை. கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு அந்த உறையின் மேல் மரியாதை வந்தது.

பழுது அம்மாவிடமிருந்து ஒன்றும் அப்பாவிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பிரதியும் சேர்ந்து வந்தால்தான் இப்படி ஆகுமாம். ஆண் பிள்ளைக்கு எத்தனை வந்தாலும் தெரியாது. ஒரே வீட்டுக்குள் நான்கு தலைமுறை என்றால் இரண்டும் சேர்ந்து வர எவ்வளவு வாய்ப்பு என்று கணக்குப் போடத் தெரியாதவள் இல்லை நான். அதை இங்கே எழுதப் போவதில்லை.

மெர்லின் சிரித்துக்கொண்டே, டீச்சர் பரீட்சைக்குப் படிக்கிறீங்களா என்றார்.

மே 15, புதன்

கடைசி ஊசி போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை முட்டை எடுக்கிறார்கள். எழுத ஒன்றுமில்லை.

மே 16, வியாழன்

எழுத இருக்கிறது.

மத்தியானம் மெர்லின் சாப்பிடும் நேரத்தில் போனேன். லேப்புக்குப் பக்கத்தில் சின்ன அறை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்திருந்தார். உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். எனக்கும் எடுத்தார்கள், சென்னையில், முப்பது வயதில். கழுவும்போது எல்லாம் உடைந்தது. எத்தனை என்று கேட்டார். எண்ணைச் சொன்னேன்.

மெர்லின் டிபன் பாக்ஸை மூடினார்.

“இத முதல் நாளே சொல்லியிருக்கலாம்ல டீச்சர்.”

திட்டவில்லை. சொல்லிக்கொண்டே எழுந்து டாக்டர் அறைக்குப் போய்விட்டார். நான் அந்தச் சாம்பார் சாதத்துக்குக் காவல் மாதிரி அங்கேயே நின்றேன். கொஞ்ச நேரத்தில் டாக்டர் சுகந்தியே வந்தார். நாளைக்குக் கழுவப் போவதில்லை, பொதியோடு அப்படியே வைத்து ஊசி போடப் போகிறோம் என்றார். ஆனால் காரணத்தை வசுவிடம் சொல்லி அவள் சம்மதத்தைக் கேட்க வேண்டும். நானே சொல்கிறேன் என்றேன்.

அறைக்கு வந்து வசுவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டே சொன்னேன். அப்படிச் சொல்வது எளிதாக இருந்தது. சென்னையில் இருந்த நாலு வருஷத்தில் செய்துகொண்டது, புருஷன் வீட்டாருக்கு மட்டும் தெரியும், அவருடைய அம்மா என்னைக் கூமுட்டை என்று சொன்னது, அன்றைக்கே நான் கிளம்பி வந்தது, ஊருக்கு வந்து பிள்ளை வேண்டாமென்று நான்தான் விட்டேன் என்று சொன்னது. அவர் மறுபேச்சுப் பேசவில்லை. அவருக்கும் அது வசதியாக இருந்திருக்கும். இப்போது இரண்டு பையன்கள்.

வசு ஒரு கீரைக் காம்பை எடுத்து ஒடித்தாள்.

“ஊருல அம்புட்டுப் பேரும் உன்னத் திமிர் புடிச்சவன்னு சொன்னாங்க. நானும் சேந்து சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லலையே நீ.”

“மலடிங்கிறதுக்குத் திமிர் புடிச்சவ எவ்வளவோ மேல்டி.”

“கழுத.” என்னைப் பார்த்துத்தான் சொன்னாள். “திமிர் புடிச்ச கழுத.”

பிறகு கீரையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மீதியை அவளே ஆய்ந்தாள். நான் செய்ததில் பாதி காம்பு என்றாள்.

மே 17, வெள்ளி

லேப் இருக்கும் நடைக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் கூடை. உள்ளே போகிறவர்கள் தலையில் இருக்கும் பூவை எடுத்து அதில் போட்டுவிட வேண்டும். செண்ட், பவுடர், பூ எந்த வாசனையும் கருவுக்கு ஆகாதாம். கூடை நிறைய மல்லிகை. மதுரையில் இப்படி ஒரு கூடையை நிரப்புவதற்கு நேரமா ஆகும்.

பாண்டித்துரையை நர்ஸ் வாசலிலேயே நிறுத்திவிட்டாள். குளித்துவிட்டுத்தானே வந்தேன் என்று அவர் சண்டை. நர்ஸ் மோந்து பார்த்துவிட்டு மறுபடி குளித்துவிட்டு வரச் சொன்னாள்.

“பதினஞ்சு வருசமா ஏலக்கா மூட்டையில கெடக்கேன் மதினி. தோலுக்குள்ள போயிருச்சு. உரிச்சுட்டா வர முடியும்?”

எங்கள் அறையில் இரண்டு வாளித் தண்ணீரைக் காலி செய்துவிட்டு, சோப்பு வாசனையும் இல்லாமல் வெறும் ஆளாக வந்து நின்றார். உள்ளே விட்டார்கள்.

மெர்லின் வெளியே வந்தது மத்தியானத்துக்கு மேல். முகமூடியைக் கழற்றிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

“ஏழு டீச்சர். ஒண்ணுலயும் உறை இல்ல.”

இல்லை என்ற வார்த்தைக்கு அப்படிச் சந்தோஷப்பட்டவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். கழுவவில்லை என்றார். சுற்றியிருக்கும் செல்களே போர்வை மாதிரி தாங்கிப் பிடித்தன. ஊசி போடும்போது ஒன்று போயிற்று. ஆறு நிற்கின்றன.

மேடையேறிப் பரிசு வாங்கியவள் மாதிரி நின்றேன். உள்ளே மயக்கம் தெளியாமல் கிடப்பவள் வசு. வேலை செய்தவர் மெர்லின். நான் என்ன செய்தேன்? ஆனாலும் அப்படித்தான் நின்றேன்.

ஒரு கேள்வி மட்டும் கேட்டேன், ஆசிரியை கேட்கிற தோரணையில். இந்தப் பழுதை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று. ஒரு பத்து வருஷமாக என்றார்.

என்னுடையது பதினான்கு வருஷம் முன்பு. ஆக, எனக்கு யாரும் தவறு செய்துவிடவில்லை. அன்றைக்கு யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான். இது தெரிந்ததில் ஒரு நிம்மதி.

நிம்மதிதான்.

மே 18, சனி

நான்கு கருவாகியிருக்கின்றன. வசு ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டாள். நான் அவளுக்கும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

மே 20, திங்கள்

கரு இரண்டாய், நாலாய், எட்டாய்ப் பிரியும்போது அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பதும் அந்த உறைதானாம். அது இல்லாததால் செல்கள் கோலிக்குண்டு மாதிரி உருண்டு தனித்தனியாகப் போய்விடலாம். அதனால் மெர்லின் கருக்கள் இருக்கும் தட்டை அசைக்கவே இல்லை. பெட்டிக்குள்ளேயே காமிரா இருக்கிறது, திரையில்தான் பார்க்கிறார். இன்று அந்தப் பக்கம் யாரையும் அழுத்தி நடக்கக்கூட விடவில்லை என்று நர்ஸ் சிரித்தாள்.

ஒன்று பிரிந்து போய்விட்டது. ஒன்று வளராமல் நின்றுவிட்டது. இரண்டு பிடித்துக்கொண்டிருக்கின்றன. உறை இல்லாமல், ஒன்றையொன்று பற்றிக்கொண்டு.

வசு சொல்கிறாள், எட்டாவதில் எனக்கு நீ இப்படிப் பாடம் நடத்தியிருந்தால் நான் டாக்டராகியிருப்பேன் என்று. எட்டாவதில் அவள் படித்த லட்சணம் எனக்குத்தானே தெரியும்.

மே 22, புதன்

ஒன்று. ஒன்றே ஒன்று ஐந்தாம் நாள் வரை வந்துவிட்டது. இன்று உள்ளே வைத்தார்கள்.

வைப்பதற்கு முன் திரையில் காட்டினார்கள். வசு என்னையும் உள்ளே விடச் சொல்லி அடம்பிடித்ததால் பச்சை அங்கியும் தொப்பியுமாக நானும் நின்றேன். மற்றவர்களுடையதில் ஒரு வட்டக் கோடு பளபளப்பாகச் சுற்றியிருக்குமாம். இதில் கோடு கிடையாது. அதன் விளிம்பு கொஞ்சம் மேடும் பள்ளமுமாக, கையால் தட்டிய அடை மாதிரி இருந்தது. ஆனால் முழுசாக இருந்தது. மெல்ல விரிந்து சுருங்கியதாக எனக்குத் தோன்றியது. என்னுடையவற்றை யாரும் எனக்குக் காட்டவில்லை. அவையும் இப்படித்தான் இருந்திருக்கும்.

வசு படுத்தபடியே திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: “மூக்கு உன்ன மாதிரிதாங்க்கா இருக்கு. பாவம்.”

டாக்டர் உள்பட எல்லோரும் சிரித்தார்கள். அசையாதே என்று மெர்லின் அதட்டினார்.

மே 27, திங்கள்

காத்திருக்கிறோம். துணி துவைத்தேன். பதினோராம் வகுப்புக்கான குறிப்புகளைத் திருத்தினேன். வசு நாள் முழுக்கப் படுத்துக்கொண்டு, நடக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், என்னைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்கிறாள். கொண்டுவருகிறேன்.

ஜூன் 3, திங்கள்

காலையில் இரத்தம் எடுத்தார்கள். மத்தியானம் டாக்டரே போன் செய்தார். கரு நின்றிருக்கிறது.

வசு போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். டாக்டரிடம் மீதியை நான் கேட்டேன். இது ஆரம்பம்தான், முதல் மூன்று மாதம் கவனம், அடுத்த வாரம் மறுபடி இரத்தப் பரிசோதனை. எல்லாம் எழுதிக்கொண்டேன். பாண்டித்துரைக்குச் சொன்னேன். ஏலக்காய் சலிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, சரிங்க மதினி, சரிங்க மதினி என்று சம்பந்தமில்லாமல் இரண்டு தடவை சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அடுத்து அம்மா. வசுவே பேசினாள். அம்மா அப்பாவைக் கூப்பிட்டது ஸ்பீக்கர் போடாமலே எனக்குக் கேட்டது. “மாமா, சின்னவளுக்கு நின்னுருச்சாம்.” தெருவுக்கே கேட்டிருக்கும். அப்படி ஒரு பெருமை அந்தக் குரலில். ஏதோ அவளே லேப்பில் நின்று செய்து முடித்த மாதிரி.

நான் அடுப்பைப் பற்றவைக்கப் போனேன். கேசரி கிண்டலாம் என்று. ரவையை வறுத்துக்கொண்டிருக்கும்போது காதில் விழுந்தது: வசு அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள். கழுவாமல் விட்டதை, அக்கா சொன்னதால்தான் விட்டார்கள் என்பதை, அக்காவுக்குச் சென்னையில் நடந்ததை. கையை நீட்டி நிறுத்தச் சொன்னேன். நிறுத்தவில்லை. கூமுட்டை என்று சொன்னதையும் சொன்னாள். ரவை அடிப்பிடித்தது.

அப்புறம் போனை என்னிடம் நீட்டினாள். வாங்கமாட்டேன் என்று தலையசைத்தேன். என் காதிலேயே வைத்துவிட்டாள்.

அம்மாவின் மூச்சுச் சத்தம் கேட்டது. ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள், இல்லை அழுவாள், பாவம் என்பாள் என்று நினைத்து, எதற்கும் தயாராக நிமிர்ந்து நின்றேன். பாவம் என்று சொன்னால் போனை வைத்துவிடுவது என்று முடிவு செய்திருந்தேன்.

“உனக்கு எத்தன எடுத்தாக?” என்றாள் அம்மா.

“பதினொண்ணு.”

“வசுவுக்கு?”

“ஏழு.”

பிறகு அவள் போனைக் காதிலிருந்து விலக்கியது தெரிந்தது. அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள்.

“மாமா, பெரியவளுக்குப் பதினொண்ணாம்.”

சற்று முன் சின்னவளைப் பற்றிச் சொன்னாளே, அதே குரல்.